வெர்ன் மாக்கியின் வயிற்றுக்கு ஒரு புது எண்

அமெரிக்காவின் துலூத் நகரில் பனி அள்ளும் லாரி ஓட்டும் வெர்ன் மாக்கிக்கு வயிற்றுப்புண். அதற்குக் காரணமான கிருமி, இரண்டு சுற்று மருந்துக்கும் அசையவில்லை. எந்த மருந்துக்குத்தான் அது சாகும் என்று கண்டுபிடிக்க டாக்டர் ஒரு புதுச் சோதனை எழுதினார். வயிற்றிலிருந்து கிள்ளியெடுத்த சதைத் துணுக்கும் ஆய்வகத்துக்கு வந்துவிட்டது. காப்பீட்டு நிறுவனம்தான் அனுமதி தரவில்லை.

ஆய்வகத்தில் பில் பிரிவைப் பார்க்கும் லொரெய்னை வெர்ன் போனில் பிடித்தார்.

"என் வயித்துல இருக்கிறவன் காலி பண்ண மாட்டேங்கிறான். நீங்களாவது நோட்டீஸ் குடுங்க மேடம்."

சிரித்தாலும் அவர் குரல் சோர்ந்திருந்தது. ரொட்டியும் கஞ்சியும் தவிர எதுவும் இறங்குவதில்லை என்றார்.

லொரெய்ன் காப்பீட்டு நிறுவனத்தை அழைத்தாள். எடுத்தவள் டெனிஸ். இருவரும் பல வருடமாகப் போனிலேயே சண்டை போடுகிறவர்கள், முகம் பார்த்ததில்லை.

"நீங்க பில்லுல அனுப்பின சோதனை நம்பரே எங்க கம்ப்யூட்டர்ல இல்லையே, லொரெய்ன்."

"இந்தச் சோதனைக்கு இப்பத்தான் தனி நம்பர் குடுத்திருக்காங்க. உங்க கம்ப்யூட்டர் இன்னும் தூங்குது."

"வழக்கமான கிருமிச் சோதனை நம்பரையே போடுங்களேன். சட்டுனு முடிஞ்சிடும்."

"செய்யாத சோதனைக்கு நான் எப்படி நம்பர் போடுவேன்? ஒரு மனுஷன் கஞ்சியில உயிர் வாழறார், டெனிஸ்."



"எங்க அப்பாவுக்கும் இதே கிருமிதான் இருந்துச்சு. மூணாவது மருந்துலதான் போச்சு. அதுக்குள்ள ஆள் பாதியாயிட்டார்." டெனிஸ் பேச்சை வேலைக்குத் திருப்பினாள். "உங்க நோயாளியோட டாக்டரை ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்க. எங்க டாக்டர் மேஜையில நானே கொண்டுபோய் வைக்கிறேன். அவர் என்ன சொல்வாரோ தெரியாது."

கடிதம் போனது. காப்பீட்டு நிறுவன டாக்டர் படித்துவிட்டுச் சரி என்றார்.

சோதனை முடிவு வந்தபோது விஷயம் விளங்கியது. இரண்டு சுற்றிலும் கொடுத்த ஒரு மருந்து அந்தக் கிருமியிடம் எடுபடவே இல்லை. வெர்னின் டாக்டர் அதை விட்டுவிட்டு வேறு மருந்துகள் கொடுத்தார்.

சில வாரம் கழித்து இன்னொரு நோயாளிக்கு அதே எண்ணை அனுப்பினாள் லொரெய்ன். யாரும் போன் செய்யாமலே அனுமதி வந்தது. டெனிஸ் சொல்லி அந்த எண்ணைத் தங்கள் கம்ப்யூட்டரில் ஏற்ற வைத்திருக்கிறாள்.

ஏரியில் பனி உருகிய பிறகு வெர்ன் கூப்பிட்டார்.

"மூச்சுச் சோதனை பண்ணினாங்க மேடம். கிருமி சுத்தமா இல்லையாம். இப்ப பொரிச்ச மீன் கடையில நிக்கிறேன்."

"முதல் நாளே பொரிச்ச மீனா? வயிறு தாங்குமா?"

"ரெண்டாவது தட்டு நடக்குது" என்றார் வாய் நிறைய மீனோடு.