எங்கை எண்டு கேளாத பயணம்

வெளிக்கிடுற ஆளிட்டை "எங்கை போறியள்?" எண்டு கேக்கக் கூடாது. கேட்டால் போற காரியம் பிழைச்சுப் போகும். சந்திரவதனா யாழ்ப்பாணத்தை விட்டு லண்டனுக்கு ஓடி வரேக்கை காணி, வீடு, நகை எல்லாத்தையும் விட்டிட்டு வந்தவள். இந்த ஒரு பழக்கத்தை மட்டும் பத்திரமாய்க் கொண்டு வந்திட்டாள். என்னத்தைச் சொல்ல!

அதாலைதான் லண்டனுக்கு வர விசா கிடைக்காத புருசன் கணேசலிங்கம் உழைப்புக்காக மொரீசியஸ் துறைமுகத்திலை மீன்பிடிக் கப்பல் ஒண்டிலை ஏறேக்கை, எந்தக் கடலுக்கு எண்டு அவள் கேக்கேல்லை. எஞ்சின் வேலை, தெற்கை எங்கையோ குளிர்க்கடல், அவ்வளவுதான் தெரியும். முதல் பயணம் முடிஞ்சு கரைக்கு வந்து போன் எடுத்தவர், கண்டதெல்லாம் சொல்லிப்போட்டு, "அடுத்த கிழமை திரும்பவும் கடல்" எண்டார். கேள்வி தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிப் போட்டாள்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு ஆடி மாதம், தோர்ண்டன் ஹீத் வீட்டுக் குசினியிலை பருப்பு அவியுது. தமிழ் ரேடியோ செய்தி சொல்லுது. கெர்கெலன் எண்ட தீவுக்குக் கிட்ட மீன்பிடிக் கப்பல் ஒண்டு கடலுக்கை தாண்டு போச்சாம். கப்பலின்ரை பேர் தெரியாதாம். சந்திரவதனா அடுப்பை நிப்பாட்டினாள்.

கப்பல் ஏஜென்சிக்குப் போன் அடிச்சாள். ஒருத்தரும் எடுக்கேல்லை. அந்தக் குளிர்க்கடலிலை உந்தக் கப்பலுகள் களவாய்த்தான் மீன் பிடிக்கிறது எண்டு கதை; அப்பிடியானவங்கள் எங்கை நிக்கிறம் எண்டு ஊருக்குச் சொல்லுவாங்களோ? பக்கத்து வீட்டுத் தவநாயகிக்கு இங்கிலிஷ் நல்லாய் ஓடும். அவளை இழுத்துக் கொண்டு குரோய்டன் நூலகத்துக்கு பஸ் ஏறினாள்.

பெரிய வரைபடப் புத்தகத்தை விரிச்சால், உலகத்தின்ரை அடியிலை ஆரோ பேனையை உதறிவிட்ட மாதிரி புள்ளியள்.

"நீ ஏன் பயப்பிடுறாய்? அவர் போன முறை நிண்டது அட்லாண்டிக் பக்கத்துத் தென் ஜோர்ஜியாத் தீவாயும் இருக்கலாம், இந்த முறையும் அங்கைதான் போயிருப்பார். பார், கெர்கெலன் எங்கை, இது எங்கை!" எண்டாள் தவநாயகி. "போனிலை அந்த இடத்தைப் பற்றி என்ன சொன்னவர்?"

"புயலுக்குப் பயந்து ஒரு தீவுக் குடாவுக்கை ஒதுங்கினவையாம். ஒரு மரமும் இல்லையாம். கரையிலை பெரிய இரும்புக் கிடாரங்கள் கறள் பிடிச்சுக் கிடந்ததாம். பக்கத்திலை மரச்சிலுவையள்."

தவநாயகி இன்னொரு புத்தகத்தை எடுத்துத் தமிழிலை சொன்னாள். அந்தத் தீவுகளிலை மனிசர் குடியிருக்கப் போகேல்லை. கடல்நாயைக் கொல்லப் போனவை. கொன்று, கொழுப்பைக் கிடாரத்திலை காய்ச்சி, எண்ணெயை ஏத்திக் கொண்டு திரும்பினவை. கப்பல் உடைஞ்சவை பறவையைத் திண்டு கிடந்து செத்தவை. கிடாரமும் சிலுவையும் ஒரு தீவிலையோ? எங்கை பார்த்தாலும் அதுதான்!

"கண்டியோ, ஒண்டையும் வைச்சுச் சொல்லேலாது. தென் ஜோர்ஜியாதான் எண்டு நினைச்சுக் கொள்." தவநாயகி அடுத்த பக்கத்தைத் தட்டினாள். "இதைக் கேள். கபேஜ் எண்டு போட்டிருக்கு, எங்கடை கோவா மாதிரி ஒரு செடியாம், தடிச்ச பெரிய இலையாம். பல்லு முரசு கரைஞ்சு இரத்தம் வராமல் இருக்க மாலுமியள் அவிச்சுச் சாப்பிட்டவையாம்."

சந்திரவதனா அவளின்ரை கையை இறுக்கிப் பிடிச்சாள். "அது எந்தத் தீவிலை?"

"கெர்கெலனிலையும், அந்தப் பக்கத்து இரண்டு மூண்டு புள்ளியிலையும். தென் ஜோர்ஜியாவிலை இல்லையாம். ஏனடி?"

"கோவா மாதிரி ஒரு இலை பிடுங்கி, தேங்காய்ப்பூ இல்லாமல் வறை வைச்சுத் திண்டனாங்கள் எண்டு சிரிச்சவர்."

தவநாயகி புத்தகத்தைப் படாரெண்டு மூடினாள். ஐயோ பாவம், ஆறுதல் சொல்ல வந்தவள் தன்ரை வாயாலேயே இடத்தைக் காட்டிக் குடுத்திட்டாள்.

அதுக்குப் பிறகு சந்திரவதனாவுக்குப் பச்சைத்தண்ணியும் இறங்கேல்லை. போனுக்குப் பக்கத்திலை பாயைப் போட்டுக் கிடந்தாள். கண்ணை மூடினால் கறள் பிடிச்ச கிடாரம், சிலுவை. கேட்டிருந்தால் காரியம் பிழைக்குமாம். கேக்காமல் விட்டு என்னத்தைக் கண்டாள்? தன்னிலையே கோவம் கோவமாய் வந்தது.

ஒரு பின்னேரம் போன் அடிச்சது.

"வதனா?"

"ஐயோ, என்ரை தெய்வமே! இருக்கிறியளோ?" அவள் குழறி அழுதாள்.

"இருக்கிறன். மொரீசியஸுக்கு வந்திட்டம். தாண்டது மற்றக் கப்பல், எங்களுக்குப் பக்கத்திலைதான் நிண்டது. நாங்கள் இரண்டு பேரைத்தான் உயிரோடை தூக்கினனாங்கள். மற்றவை..." கணேசலிங்கம் கதையை மாத்தினார். "வதனா, நாளைக்கே திரும்பக் கடலுக்கு வெளிக்கிடோணும் எண்டு முதலாளி நிக்கிறான். பாஸ்போட் அவன்ரை கையிலை."

கேள்வி திரும்பவும் தொண்டைக்கு வந்தது. இந்த முறை அவள் விழுங்கேல்லை.

"எங்கை போறியள்?"

"என்னப்பா இது, வெளிக்கிடேக்கை கேக்கிறீர்?"

"கேப்பன். சொல்லுங்கோ. எங்கை போறியள்?"

அந்தப் பக்கம் ஆரோ அவரை அவசரப்படுத்துற சத்தம் கேட்டது.

"அதே இடத்துக்குத்தான்."

"போகாதேங்கோ!" எண்டு அவள் கத்தினாள். அதுக்கு முன்னமே லைன் அறுந்து போச்சு.