பக்குரியானி என்று சொல்ல வேண்டியவன்

கோபாலசாமி செய்ய வேண்டியிருந்தது ஒரே ஒரு வேலை. மேனேஜர் வீட்டு விருந்தில் "குடவுரியா, பக்குரியானியா?" என்ற பேச்சு வரும்போது, "என் பசங்க சின்னவங்க சார், பக்குரியானியே போதும்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

இரண்டும் ஜார்ஜியாவில் இருக்கும் பனிச்சறுக்கு ஊர்கள். பஹ்ரைனில் ஒரே ஏ.சி. கம்பெனியில் வேலை பார்க்கும் மூன்று குடும்பங்கள், பள்ளிக்கூடத்தின் குளிர்கால லீவுக்குச் சேர்ந்து போவதாக ஏற்பாடு. குடவுரி உயரமான மலை. சறுக்கத் தெரிந்தவர்கள் அதைத்தான் சிலாகிப்பார்கள். பக்குரியானி அதைவிடத் தாழ்வு, சரிவுகளும் சாது. மூன்று குடும்பங்களில் ஒன்று பாலகுருவுடையது. அவனுடைய பத்து வயது மகள் அருணாவுக்கு வீசிங் உண்டு. ரொம்ப உயரமான இடம் இப்போதைக்கு வேண்டாம், பக்குரியானி என்றால் போய் வாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அதை பாலகுருவே சொல்லிவிட்டுப் போகலாமே என்றால், அங்கேதான் சிக்கல். அவன் மனைவி நளினி சம்மதிக்க மாட்டாள். பெண் பிள்ளைக்கு மூச்சுக் கோளாறு என்று நாலு பேர் வாயில் விழுந்தால், நாளைக்கு வரன் பார்க்கும்போது அது முன்னால் வந்து நிற்கும் என்பது அவள் பயம். ஈசா டவுனில் தும்மினால் மறுநாள் மனாமாவில் கஷாயம் சொல்லுகிற கூட்டம் நம்முடையது. அவளையும் குற்றம் சொல்ல முடியாது.

அதனால்தான் பாலகுரு கோபாலசாமியிடம் வந்தான். மதுரை பாலிடெக்னிக்கில் இருவரும் ஒரே பெஞ்ச்.

"மாப்ள, உன் பசங்களுக்காகன்னு நீ சொல்லுடா. ஒருத்தனும் ஏன்னு கேக்க மாட்டான்."

"இதெல்லாம் ஒரு விஷயமாடா? விடு, நான் பாத்துக்கிறேன்."

சொன்னபோது மனதாரத்தான் சொன்னான்.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு குடும்பமும் பாலகுருவின் பெரிய வண்டியிலேயே ஜுஃபைரில் இருந்த மேனேஜர் வீட்டுக்குக் கிளம்பின. பின் சீட்டில் கோபாலசாமியின் பிள்ளைகள் அர்ஜுனோடும் ஷ்ருதியோடும் உட்கார்ந்திருந்த அருணா, முன்னால் எட்டிப் பார்த்தாள்.

"அங்கிள், நீங்கதான் டிசைட் பண்ணப் போறீங்களாமே?"

"ஆமாடா கண்ணு. அங்கிள் சொன்னா சொன்னதுதான்."

மேனேஜர் சுரேஷ்குமார் வீட்டு ஹாலில், சுவரை அடைத்த டிவியில் குடவுரி ஓடிக்கொண்டிருந்தது. எவனோ ஒருவன் ஹெல்மெட் போட்டுக்கொண்டு பனியைக் கிளப்பியபடி பாய்ந்து வந்தான். அதைப் பார்த்ததும் கோபாலசாமிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சார் முடிவே செய்துவிட்டார். தம்மாம் கிளைக்கு யாரை மேலாளராக அனுப்புவது என்பதும் இந்த மாதம் சார் கையில்தான் இருக்கிறது. மேலே இருப்பவர் வாய் திறப்பதற்கு முன்பே ஆமாம் போடுவதில் கோபாலசாமி கெட்டிக்காரன். வளைகுடாவில் அவன் உருப்படியாகக் கற்றுக்கொண்ட தொழில் அது ஒன்றுதான்.

பிரியாணி பரிமாறியபோது சுரேஷ்குமார் கேட்டார். "என்ன கோபால், குடவுரியா, பக்குரியானியா? நீங்க சொல்லுங்க."

"குடவுரிதான் சார். அவ்ளோ தூரம் போயிட்டு பக்குரியானிங்கிறது பார்க்குல சறுக்கு விளையாடுற மாதிரில்ல இருக்கும்."

யாரும் அவன் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

சுரேஷ்குமார் கொஞ்சம் ஆச்சரியமாகப் பார்த்தார். "அப்படியா? டிவில அது பாட்டுக்கு ஓடுது. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். என் வைஃப் சங்கீதாவும் பக்குரியானின்னுதான் சொல்லிட்டிருந்தா. உங்க பசங்க சின்னவங்களாச்சே, குடவுரி கஷ்டமா இருக்குமோன்னுகூட யோசிச்சேன்."

அவன் சொல்ல வேண்டிய வாக்கியத்தை அவரே எடுத்துக் கையில் கொடுத்தார். "ஆமா சார், அதுவும் சரிதான்" என்றால் போதும். ஆனால் சொன்ன சொல்லை அந்த நிமிஷமே மாற்றினால், இவனை நம்பி ஒரு கிளையை எப்படி ஒப்படைப்பது என்று சார் நினைத்துவிட மாட்டாரா?

"அதெல்லாம் சமாளிச்சிருவாங்க சார்."

அவன் மனைவி ஜெயபாரதி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தாள். அவன் கோழித் துண்டைப் பார்த்தான். நளினி மகளின் தட்டில் தயிர்ப் பச்சடி வைத்துக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை.

"அப்ப நீங்க போயிட்டு வாங்க சார்" என்றான் பாலகுரு. "எங்களுக்கு இந்தத் தடவை தோதுப்படாது."

"ஏன்யா? லீவு நான் தர்றேன்."

"லீவு இல்ல சார். மாமனார் ஊர்லருந்து வர்றாரு."

நளினியின் அப்பா இறந்து இரண்டு வருஷமாகிறது. செய்தி வந்த அன்று அழுதுகொண்டிருந்தவளை விமானம் ஏற்றிவிட ஏர்போர்ட்டுக்குக் கூடப் போனவன் கோபாலசாமி. திடுதிப்பென்று கேட்டதும் பாலகுரு வாயில் வந்தது அந்தப் பொய்தான் போலிருக்கிறது. நளினி எழுந்து கை கழுவப் போனாள். இப்போதாவது வாயைத் திறடா என்று கோபாலசாமிக்கு உள்ளே ஒருவன் கத்தினான். அவன் தண்ணீரை எடுத்துக் குடித்தான்.

"மாமனாரா? நல்லா கவனிங்க" என்றார் சுரேஷ்குமார்.

திரும்பி வருவதும் அதே வண்டியில்தான். டாக்ஸி பிடித்துக்கொள்கிறோம் என்று சொல்லக்கூட அவனுக்குத் துணிவு வரவில்லை. பாலகுருவின் பக்கத்து சீட்டில் மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். சிக்னல் சிவப்பில் நின்றபோதெல்லாம் வெட்கம் பிடுங்கித் தின்றது. பாலகுரு கத்தித் தீர்த்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவன் ரோட்டைப் பார்த்து ஓட்டினான்.

பின்னாலிருந்து அருணா மெல்லக் கேட்டாள். "அங்கிள், மறந்துட்டீங்களா?"

குழந்தை தப்பிக்க வழி கொடுத்தது. அந்த வழியாகவும் அவன் போனான்.

"ஆமாடா கண்ணு, மறந்துட்டேன்."

"சும்மா இருங்க" என்றாள் ஜெயபாரதி.

ஈசா டவுனில் வீட்டு வாசலில் வண்டி நின்றது. ஜெயபாரதி பிள்ளைகளை இழுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். கோபாலசாமி இறங்கி, கதவைச் சாத்தாமல் நின்றான்.

"மாப்ள... அந்த நேரத்துல என்னாச்சுன்னா..."

"பரவால்ல சார்" என்றான் பாலகுரு. குரலில் கோபமே இல்லை. அலுவலகத்தில் சுரேஷ்குமாரிடம் பேசுகிற அதே பணிவான குரல். "பின் சீட்டுக்குக் கீழ பையன் செருப்பு கெடக்கு. எடுத்துக்குங்க சார்."

கோபாலசாமி வண்டிக்குள் குனிந்து செருப்பைத் தேடினான். முகத்தைக் காட்டாமல் இருக்க அது வசதியாக இருந்தது.