மன்னிப்பு ஞாயிற்றுக்கு முன் கொடுத்த பணம்

வெள்ளிக்கிழமைகளில் அமெரிக்காவில் எங்கள் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவக் கோயிலின் கீழ்த்தளச் சமையலறையில் பெண்கள் நாங்கள் கூடிப் பிரோகி என்ற கொழுக்கட்டை செய்து விற்போம். மாவை வட்டமாக வெட்டி, உருளைக்கிழங்கு மசியலை வைத்து, ஓரத்தை விரலால் அழுத்தி மூட வேண்டும். அந்த நவம்பரில் வெர்னா ஹூடாக் மூடியதெல்லாம் கொதிநீரில் வாயைப் பிளந்தது.

"என்னடி, உன் பிரோகி எல்லாம் ஜெபம் பண்ணுது?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அவளுடைய மேலங்கிப் பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. எடுக்கவும் மாட்டாள், அணைக்கவும் மாட்டாள்.

வெர்னா பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். கணவன் நோயில் கிடந்தபோது ஆஸ்பத்திரிக் கடன் ஏறியது. அதைச் சமாளிக்கக் கிரெடிட் கார்டு கடன். அவன் இறந்த பிறகு, 'கடன் தீர்வு' நிறுவனம் என்று ஒருவன் தேன் குரலில் பேசினான். "யாருக்கும் கட்டாதீங்கம்மா, போனை எடுக்காதீங்க. மாசாமாசம் எங்ககிட்ட போடுங்க, பாதிக்குப் பேசி முடிச்சுத் தர்றோம்." அவள் போட்டாள். போட்டதில் பெரும்பகுதி அவன் கூலிக்கே போனது. எதையும் எடுக்காதே என்றதால், கார்டு கம்பெனி வழக்குப் போட்டு வந்த நீதிமன்றத் தாளையும் அவள் பிரிக்கவில்லை. இப்போது சம்பளத்தில் கால் பங்கைப் பிடிக்கச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது.

நெடுஞ்சாலை விளம்பரப் பலகையில் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும், திவால் வழக்கு நடத்தும் வழக்கறிஞரிடம் நானும் அவளும் முதலில் போனோம். அவருடைய ஆள் பெயரைக் கேட்பதற்கு முன்பே முன்பணம் கேட்டான். பிறகு நூலகத்தில் நடக்கும் இலவசச் சட்ட முகாமில் கோரின் பேட்டில் என்ற வழக்கறிஞர் அம்மாள் கிடைத்தார். வெர்னாவின் தாள்களை ஒவ்வொன்றாகப் படித்தார். எங்களுக்குக் காப்பியும் ஊற்றிக் கொடுத்தார். அப்படிப்பட்டவரை நம்பலாம் என்று எனக்குத் தோன்றியது.

"உங்களுக்குச் சொந்த வீடு இல்ல, கார் பழசு. திவால் சட்டத்துல ஏழாம் அத்தியாயம்னு ஒண்ணு இருக்கு. மனு போட்ட அன்னிக்கே போன் நிக்கும், சம்பளத்துல கை வைக்க முடியாது. நாலஞ்சு மாசத்துல கடன் தள்ளுபடி ஆயிடும்."

வெர்னா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"ஒரு கேள்வி. இந்த ஒரு வருஷத்துல சொந்தக்காரங்க யாருக்காவது கடனைத் திருப்பிக் கொடுத்தீங்களா?"

"ஓ, கொடுத்துட்டேன்!" அன்றுதான் அவள் முகத்தில் முதல்முறையாக வெளிச்சம் வந்தது. "எங்க அக்கா லுட்மிலாவுக்கு நாலாயிரம் டாலர். ஒரு காசு பாக்கி இல்ல."

கோரின் அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார்.

தவக்காலம் தொடங்குவதற்கு முந்தைய மாலை, மன்னிப்பு ஞாயிறன்று, கோயிலில் ஒருவர் முன் ஒருவர் தரை தொட்டு வணங்கி மன்னிப்புக் கேட்போம். உடன்பிறந்தாருக்குக் கடன் வைத்துக்கொண்டு அந்த வரிசையில் யாரும் நிற்பதில்லை. போன பிப்ரவரியில் திரும்பி வந்த வரிப்பணம் முழுவதையும் வெர்னா அக்காவிடம் கொடுத்துவிட்டுத்தான் போய் நின்றாள்.

"உங்க மனசுக்கு அது நியாயம்," என்றார் அம்மாள். "சட்டத்துக்கு, கடன் கொடுத்த மத்தவங்களை விட்டுட்டுச் சொந்தத்துக்கு மட்டும் கொடுத்தது. கோர்ட்டு நியமிக்கிற பொறுப்பாளர் அந்தப் பணத்தை உங்க அக்காகிட்ட திருப்பிக் கேக்கலாம். தரலேன்னா அவங்க மேல வழக்கு."

"அவ அதுல கூரை போட்டுட்டாளே!"

"சொல்லாம விட்டா?" என்று கேட்டவள் நான்தான்.

"சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போடணும். அந்தக் கேள்வி என் காதுல விழலைன்னு வச்சுக்கறேன்." பிறகு மெதுவாகச் சொன்னார்: "பதிமூணாம் அத்தியாயம்னு தவணை வழி ஒண்ணு இருக்கு, மூணுலேர்ந்து அஞ்சு வருஷம். உங்க சம்பளம் தாங்காது. இல்லேன்னா பிப்ரவரி தாண்டுற வரைக்கும் காத்திருக்கலாம்; கொடுத்து ஒரு வருஷம் ஆயிட்டா அந்தப் பணத்தைத் திருப்பிக் கேக்க முடியாது. ஆனா அதுவரை சம்பளத்தை வெட்டிக்கிட்டே இருப்பாங்க. வேற கடன்காரங்களும் வருவாங்க."

திரும்பும் வழியில் பனி விழத் தொடங்கியது. லுட்மிலாவின் வீட்டு முன் காரை நிறுத்தினேன். இருவரும் உள்ளே போனதும் வெர்னா கோட்டைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

லுட்மிலா தலைக்கு மேலிருந்த உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓய்வூதியத்தில் வாழும் கிழவி. அவள் விரல்கள் மேசைவிரிப்பின் ஓரத்தைச் சுருட்டின.

"என்னத்தடி எடுப்பாங்க? கூரையைப் பிரிச்சா?"

"ஒண்ணும் எடுக்க மாட்டாங்கக்கா. நான் இப்ப மனு போடல. காத்திருக்கேன்."

"கால் பங்கு போனா எதைத் தின்னுவே? இந்தா..." கைப்பையைத் திறந்தாள்.

"பணம் வேண்டாம். மறுபடி உன்கிட்ட கடன்பட மாட்டேன்."

"அப்போ ராத்திரிச் சோறு இங்க. சூப்புக்கு எந்தக் கோர்ட்டும் கணக்குக் கேக்காது. கோட்டைக் கழட்டு, தரையெல்லாம் சேறு!"

அப்படித்தான் அந்தக் குளிர்காலம் போயிற்று. டிசம்பரில் முதல் வெட்டு விழுந்தது. வெர்னா தன் அறையின் வெப்பத்தைக் குறைத்து, கோட்டோடு தூங்கினாள். மாலையில் அவளைக் காரில் கூட்டிப் போவது என் வேலை. சில நாள் நானும் அங்கேயே சாப்பிட்டேன்.

கிறிஸ்துமஸ் நோன்பு முடிவதற்கு முன், ஒரு மாலை, முன்பின் தெரியாத கார் ஒன்று வெர்னாவின் வாடகை வீட்டெதிரே நின்றது. இறங்கியவன் பெயரை மட்டும் கேட்டு, தாளை நீட்டிவிட்டுப் போனான். ஆஸ்பத்திரியும் வழக்குப் போட்டிருந்தது. அவள் அதை மடிக்காமல் கையில் பிடித்தபடியே என் காரில் ஏறினாள்.

லுட்மிலா கண்ணாடியை மாட்டிப் படித்தாள். தாளை மேசையில் வைத்துவிட்டுச் சூப்புக் கரண்டியை எடுத்தாள்.

"போதும்டி. நாளைக்கே போய் மனு போடு. என் மேல வரட்டும் வழக்கு. நான் கிழவி, என்னை ஜெயில்லயா போடப் போறாங்க?"

வாசலில் காற்று கதவை அசைத்தது. மூவரும் திரும்பிப் பார்த்தோம். யாரும் இல்லை.

"இன்னிக்கு யாரும் வர மாட்டாங்கக்கா," என்றாள் வெர்னா. அவள் குரலில் உறுதி இல்லை. எழுந்து, அக்காவின் கையிலிருந்த கரண்டியை வாங்கி, முதல் தட்டுச் சூப்பை அவளுக்கு ஊற்றினாள். "பிப்ரவரி வரைக்கும் நான் தாங்குவேன். நீ சாப்பிடு, ஆறுது."