ஹெலேனாவின் கோடரி

காலை பத்து மணிக்குள் கிங்கா நாலு முறை செத்திருந்தாள். அதற்குத்தான் சம்பளம். போலந்தின் வ்ரோத்ஸ்வாஃப் நகரில் டிராம் பாதையை ஒட்டிய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் பதினோரு பேர் சேர்ந்து ஒரு திகில் கேம் செய்துகொண்டிருந்தார்கள். அதை விளையாடிப் பார்த்துப் பிழைகளைக் கண்டுபிடித்து எழுதுவது அவள் வேலை. கதவு திறக்கவில்லை, விளக்கு சுவருக்குள் எரிகிறது, நிழல் தலைகீழாக விழுகிறது என்று எழுதினால் அன்றைக்கே சரிசெய்துவிடுவார்கள். ஒன்றே ஒன்றை மட்டும் தொடமாட்டார்கள்.

கேமில் ஹெலேனா என்று ஒரு தாய். விபத்தில் மகளைப் பறிகொடுத்தவள். துக்கம் முற்றி மனநோயாகி, காதில் குரல்கள் கேட்க ஆரம்பிக்கின்றன. அதுவரை பார்க்கும் நமக்கே அவள்மேல் இரக்கம் வரும். ஆனால் முதல் குரல் கேட்ட மறுநிமிடம் அவள் கோடரியைத் தூக்கிக்கொண்டு ஆளை வெட்டக் கிளம்பிவிடுவாள். அப்புறம் கடைசிவரை அவளிடமிருந்து தப்பித்து ஓடுவதுதான் ஆட்டம். பெற்ற வயிறு எரிந்ததற்கு அவளுக்குக் கிடைத்த பரிசு, பேய் வேஷம்.

கிங்கா எழுதினாள்: "பிழை: குரல் கேட்டதும் ஹெலேனா கொலை செய்கிறாள். நடக்க வேண்டியது: அவள் பயப்பட வேண்டும்."

கதை எழுதிய ராடெக் பத்து நிமிடத்தில் அந்த அறிக்கையை மூடினான். "பிழை இல்லை. அப்படித்தான் அமைத்திருக்கிறோம்." அவள் மறுபடி திறந்தாள். அவன் மறுபடி மூடினான். மூன்றாவது முறை அவள் மேசைக்கே வந்து நின்றான்.

"என்ன கிங்கா, உனக்கு வேற வேலையே இல்லையா?"

"இதுதானே ராடெக் என் வேலை!"

"இது திகில் கேம்மா. பைத்தியம் கோடாலி எடுக்கலன்னா ஜனங்க எதுக்குப் பயப்படுவாங்க?"

"அவ காதுல ஒரு குரல் கேக்குதே, அது பத்தாதா பயப்பட?"

"நான் மூணு புஸ்தகம் படிச்சிட்டுத்தான் எழுதினேன். நீ எந்தப் பைத்தியத்தப் பாத்த? அறிக்கையில 'எப்படிச் சரிபார்த்தீர்கள்'னு ஒரு கட்டம் இருக்குல்ல, அதக் காலியா விட்டிருக்க. அத நிரப்பு, அப்புறம் பேசு."

அந்த மூன்றுமே கொலைகாரர்களைப் பற்றிய புத்தகங்கள் என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை.

கிங்கா அந்தக் காலிக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதை நிரப்ப அவளிடம் பதில் இருந்தது. சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும். போன அலுவலகத்தில் உண்மையைச் சொன்னாள்; ஒரே மாதத்தில் "ஆட்குறைப்பு" என்று அனுப்பிவிட்டார்கள். குறைந்த ஆள் அவள் ஒருத்திதான். இங்கே மூன்று வருடமாகத் தன் மாத்திரையை வைட்டமின் என்று சொல்லி விழுங்குகிறாள். ஆனால் அடுத்த மாதம் கேம் வெளியாகிவிடும். எரிச்சல் பயத்தை முந்திக்கொண்டது. நிரப்பினாள்.

"நான்தான் சான்று. என் பத்தொன்பதாவது வயதில் தம்பி ஓட்ரா ஆற்றில் மூழ்கி இறந்தான். அதற்குப் பிறகு இரண்டு வருடம் எனக்குக் குரல்கள் கேட்டன. நான் தாக்கியவர்களின் எண்ணிக்கை: பூஜ்யம். ஆனால் அம்மாவைக் கொன்றுவிடுவேனோ என்று பயந்து, டாக்டரிடம் போகாமல் எட்டு மாதம் அறைக்குள் அடைந்து கிடந்தேன். அந்தப் பயத்தைப் படங்களும் கேம்களும்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தன. இன்றும் மாத்திரை சாப்பிடுகிறேன்."

அனுப்பினாள். அறிக்கை வழக்கம்போல எல்லோருக்கும் போனது.

அன்று கேமுக்குப் படம் வரையும் பெயாத்தாவின் பெயர்நாள்; அங்கே அதையும் பிறந்தநாள்போலக் கொண்டாடுவார்கள். மதியம் கசகசா கேக் மேசைக்கு வந்தது. வழக்கமாகக் காதைப் பிளக்கும் அறையில் அன்று ஆளாளுக்கு மெல்லப் பேசினார்கள். ஒருவன் கிங்காவுக்கு நாற்காலி இழுத்துப் போட்டான். இன்னொருத்தி, "தண்ணி வேணுமா கிங்கா? கொஞ்சம் படுத்துக்கிறியா?" என்றாள்.

"எனக்கென்ன, பிரசவமா ஆயிருக்கு?" என்றாள் கிங்கா.

யாரும் சிரிக்கவில்லை. அலுவலகத்தில் எந்த விசேஷத்துக்கும் கேக்கை அவள்தான் வெட்டுவாள். துண்டுகள் அளந்ததுபோல் விழும். கத்தியை எடுக்கக் கை நீட்டினாள். ராடெக்கின் கை முந்திக்கொண்டு அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது.

"ஏன் ராடெக் அத எடுத்த?"

"இல்ல... சும்மா... இன்னிக்கு நான் வெட்டலாமேன்னு..."

"மூணு வருஷமா உன் பிறந்தநாளுக்கும் நான்தான் வெட்டினேன். அப்பவும் இதே மாத்திரைதான் தின்னேன். காலையிலேர்ந்து எங்கிட்ட என்ன மாறிப்போச்சு? நீ ஒரு அறிக்கை படிச்ச, அவ்ளோதான்!"

ராடெக் கெட்டவன் இல்லை. அவன் முகம் சிவந்துபோனது. கத்தியைப் பிடித்திருந்த தன் கையை யாரோ அந்நியனுடைய கையைப்போலப் பார்த்தான்.

பெயாத்தாவுக்குப் பொறுக்கவில்லை. "எழுதின இவனே பயந்து கத்தியப் பிடுங்கிக்கிறான். இத வாங்கி விளையாடுறவன், பக்கத்து வீட்டுல நோயோட இருக்கிறவள எப்படிப் பாப்பான்?"

ராடெக் கத்தியைத் திருப்பி, பிடி கிங்கா பக்கம் இருக்கும்படி நீட்டினான். "நான் கட்டின பொய்ய நானே நம்பிட்டேன், கிங்கா. மன்னிச்சிரு. கோடாலிய எடுத்துடறேன். அப்ப ஹெலேனா என்னதான் செய்வா? நீயே சொல்லு."

"ரேடியோவ சத்தமா வைப்பா. ஜன்னல ஒவ்வொண்ணா சாத்துவா. மகளோட சட்டையக் கட்டிப் பிடிச்சிக்கிட்டு ஒரு மூலையில உக்காருவா. விளையாடுறவன் நல்லாப் பயப்படட்டும், யாரு வேணாம்னா? அவளப் பாத்துப் பயப்பட வேணாம், அவளோட சேந்து பயப்படட்டும்." கேக்கில் கத்தியை இறக்கியபடியே சொன்னாள். "மனசு உடைஞ்சவங்க யாரையும் வெட்ட வரல ராடெக். நாம பயந்து விலகி ஓடுறதுலதான் அவங்க செத்துப்போறாங்க. ஓடாம பக்கத்துல உக்காந்தா போதும், பாதி மருந்து அதுதான். ம், தட்ட நீட்டு."