பொம்மையன் தெருவில் கோடு விழாத கதை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு ஆவணி, இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலையில், காஞ்சிபுரம் சாலைத் திட்ட ஆபீஸில் வரைவாளர் வீரபத்திரன் வரைந்து மாட்டிய ஊர்ப்படத்தில் சைக்கிள் தடங்கள் தானாக விழத் தொடங்கின. ஊரில் யார் ஏறி மிதித்தாலும் அவர் போன வழியே ஒரு சிவப்புக் கோடு ஓடும். காந்தி ரோட்டுக் கோடு முதல் நாள் தலைமுடி கனம், வாரக் கடைசியில் விரல் கனம். ஆபீஸில் இரண்டு நாள் வாயைப் பிளந்தார்கள், மூன்றாம் நாள் அதன்மேல் கண்ணாடி போட்டுவிட்டு வேலையைப் பார்த்தார்கள். ஊரில் அப்போது மண்ணெண்ணெய் வண்டி வராததுதான் பெரிய பேச்சு.

தென்காசியிலிருந்து மாற்றலாகி வந்திருந்த ஆபீசர் காசிநாதனுக்குத்தான் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வாலாஜாபாத் அரிசி லாரிகளுக்கு ஊருக்குள் ஒரு வழி விட வேண்டும், சைக்கிள் குறைவான தெருவாகப் பார்த்து விட வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. படத்தில் எல்லாத் தெருவும் சிவப்பு. பொம்மையன் தெரு மட்டும் வெளுத்த வேட்டி மாதிரி கிடந்தது. அமாவாசை அன்று சாயங்காலம் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லிவிட்டார்.

வீரபத்திரனுக்குத் தலை சுற்றியது. அவர் மனைவி மேரி அந்தத் தெருவில் அலமு வீட்டில்தான் பட்டு நூல் சுற்றுகிறாள். அவளை அழைத்துவர அவர் தினம் சைக்கிளில் போகிறார். ஹேண்டில்பாரும் ஹேண்டில்பாரும் இடிக்கிற கூட்டம், ஆனால் படத்தில் ஒரு கீறல் இல்லை! மைக்கூட்டை மாற்றினார். கண்ணாடியைத் துடைத்தார். கண் டாக்டரிடம் போனார், அவர் கண் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் குழப்பத்தைக் கூட்டி அனுப்பினார். கண்ணை நம்புவதா, தன் கையால் வரைந்த படத்தை நம்புவதா? லாரி வந்தால் அந்தத் தெருவில் இருநூறு தறியும் நிற்கும், மேரியின் வேலையும் போகும். அதற்கு வழிகாட்டியது தன் கை என்று நினைத்தபோது அவருக்குப் பயமாக இருந்தது.

அமாவாசைக்கு முதல் நாள் மேரியிடம் புலம்பினார். அவள் சிரித்துவிட்டாள்.

"ஏங்க, அந்தத் தெருவுல எவன் ஓட்றான்? நீங்களே முனையில எறங்கித் தள்ளிக்கினுதானே வர்றீங்க?"

வீரபத்திரன் தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார். உண்மைதான். காலையில் தெரு நீளத்துக்கும் பட்டுப் பாவு என்கிற நெடுக்கு நூலை இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவார்கள், ஒரு சக்கரம் பட்டால் மூன்று சேலை பாழ். அதனால் எல்லாரும் இறங்கிச் சுவரோரம் தள்ளிக்கொண்டு போவார்கள். வெயிலேறினால் பாவு நூலைச் சுருட்டிவிடுவார்கள், ஆனால் சாயங்காலமும் கால் இறங்கும். இறங்குகிறோம் என்று எவனுக்கும் தெரியாது. மூக்கால் மூச்சு விடுவதை யார் போய் ஆபீசரிடம் சொல்வார்கள்?

அமாவாசை நெசவாளருக்கு விடுமுறை, பாவு கிடையாது. இன்றைக்கு எல்லாரும் ஏறி ஓட்டுங்கள், கோடு விழட்டும் என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டார். முப்பது பேர் முனையில் ஏறினார்கள், முப்பது பேரும் முதல் வீட்டெதிரே இறங்கி நின்றார்கள். மயில்வாகனம் என்பவர் காலைப் பெடலோடு துண்டால் கட்டிக்கொண்டு வந்து, சைக்கிளோடு சாய்ந்தார்.

"இன்னாபா இது, காலு சொன்ன பேச்சு கேக்க மாட்டுதே!" என்று அலமு தலையில் அடித்துக்கொண்டாள்.

நான்கு மணிக்கு வீரபத்திரன் பாவு விஷயத்தைச் சொல்லி ஆபீசரைக் கையோடு கூட்டிவந்தார். தெரு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது.

"பாவு எங்கேய்யா?"

"இன்னிக்கு இல்ல சார். என் வண்டிய எடுத்துக்கினு நீங்களே ஓட்டிப் பாருங்க."

வெளியூர்க்காரர், ஓட்டினார். முதல் வீட்டைத் தாண்டினார், பத்தாவது வீட்டையும் தாண்டினார். வீரபத்திரன் போச்சுடா என்று கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது நடுத்தெருவில் காசிநாதன் இறங்கி நின்றுகொண்டிருந்தார். தன் காலைப் பார்த்தார், வெறும் தரையைப் பார்த்தார், யாரும் தடுக்கவில்லையே என்று சுற்றிலும் பார்த்தார். பிறகு சைக்கிளைச் சுவரோரமாகத் தள்ளிக்கொண்டு மறுமுனைக்குப் போனார்.

ஆபீஸ் படத்தில் பொம்மையன் தெருவுக்குள் ஒரே ஒரு கோடு பாதிவரை வந்து நின்றிருந்தது. காசிநாதன் காப்பி ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, லாரிகளை ஊருக்கு வெளியே ஏரிக்கரை வழியாகப் போகச் சொல்லி எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஏன் என்று மேலிடம் கேட்டதற்கு, "எனக்கும் விளங்கவில்லை, ஆனால் இறங்கிவிட்டேன்" என்று பதில் அனுப்பினார். மேலிடம் அதையும் கோப்பில் சேர்த்துக்கொண்டது. அதற்குப் பின் ஐந்து ஆபீசர்கள் வந்துபோனார்கள். புதிதாக வருகிறவர் படத்தைப் பார்த்து இங்கே யாருமே போவதில்லையா என்று கேட்டால், அங்கேதான் சார் கூட்டம் அதிகம் என்று கிளார்க் சொல்வார், அவரும் தலையாட்டிக் குறித்துக்கொள்வார்.