கதிரவேல் என்ர மகன் இல்லை

படபடபடவென்று வாசலில் வெடித்தது. குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்ற இரத்தினேஸ்வரி கோப்பையைக் கைவிட்டு அப்படியே நிலத்தில் குப்புறப் படுத்துவிட்டாள், கன்னம் சீமெந்தில் பட்டுக் குளிர்ந்த பிறகுதான் வெடிமருந்து மணத்தோடு புத்தியும் வந்தது... பட்டாசுதான், வேறொன்றுமில்லை, சண்டை முடிந்து இத்தனை வருடமாகியும் இந்த உடம்புக்கு மட்டும் யாரும் அறிவிக்கவில்லை போலிருக்கிறது. திருகோணமலைத் தெருவில் மேய்ந்த மான்கள் மிரண்டு ஓடுகிற குளம்புச் சத்தம், விசில், "எங்கட லதீசன்! திருமலையின்ர சிங்கம்!" என்று ஒரு குரல். எங்கட லதீசனா? முந்தநாள் இதே படலைக்கு முன்னால் நின்று, "கொலைகாரன்ர வீடு இதுதான்" என்று படம் பிடித்த வாய்தானே அது? தோளில் குண்டு பட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிற என்ர பிள்ளைக்கு வெடி கொளுத்திக் கொண்டாட இந்த ஊரால்தான் ஏலும்.

எழும்பிச் சட்டையைத் தட்டிக்கொண்டு முதலில் போனைப் பார்த்தாள். இல்லை, லதீசன் இன்னும் எடுக்கவில்லை. பொழுதுபடக் கதைப்பான் அம்மா, உயிருக்குப் பயமில்லை என்று கனடாவிலிருந்து அவனுடைய கூட்டாளி சொல்லியிருந்தான். கதைப்பான்... என்ன கதைப்பான்? அந்த வீடியோவைப் பார்த்திருப்பானா? உலகமே பார்த்ததை அவன் மட்டும் பாராமல் இருப்பானா? ஆஸ்பத்திரியில் போனைப் பறித்து வைத்திருப்பார்கள், இருக்கலாம், கடவுளே, அப்படியே இருக்கட்டும்.

லதீசன் வேலை செய்கிற பெரிய கடைக்குள் எவனோ ஒருவன் புகுந்து கண்டபடி சுட்டிருக்கிறான், ஆறு பேர் செத்துப்போனார்கள், லதீசன் பாய்ந்து அவனுடைய துவக்கைப் பறித்திருக்கிறான், பறித்த துவக்கோடு கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்றதைத்தான் வெளியிலிருந்த யாரோ படம் எடுத்தார்கள். விடியமுதல் அது உலகம் முழுக்கப் போய்விட்டது. கூடவே ஒரு பெயரும். அங்கே தகப்பன் பெயரைத்தான் குடும்பப் பெயரென்று எழுதுவார்களாம், செய்தியிலும் அதைத்தான் சொல்வார்களாம். நிலாவெளி ஹோட்டலில் படுக்கை விரிப்புகளுக்கு அயன் பண்ணிக்கொண்டு நின்றபோது டிவி சொன்னது: ஆறு பேரைச் சுட்டுக் கொன்ற கதிரவேல். கதிரவேலா... என்ர மனிசனா, லதீசன்ர தகப்பனா? வலையைத் தவிர ஒன்றும் தூக்கத் தெரியாத மனிசன், கடலில் சுடுபட்டுக் கரைக்கு வந்த அன்று வானொலி அவரைப் பயங்கரவாதி என்று வாசித்தது, செத்துப் போனவரை இப்போது இன்னொரு தரம் வாசிக்கிறார்கள். செய்தி எப்படிப் பொய் சொல்லும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? தெரிந்துமென்ன, படத்தில் துவக்கோடு நின்றது லதீசன்தான், அந்தப் படத்தைத்தான் அவளும் நம்பினாள். இரண்டு நாள் வீட்டில் இருங்கோ அக்கா என்று கதவுவரை கூட்டிவந்துவிட்ட மனேஜர், இன்றைக்குக் கேக் அனுப்பியிருக்கிறார், மேலே பூப்போட்ட கேக்.

எத்தனை விதமாய் எழுதினார்கள்... தமிழினத்துக்கே அவமானம் என்று ஒருவன், அந்த இரத்தம் அப்படித்தான் என்று இன்னொருவன், இவன் தமிழனே இல்லை, பேர் மாத்தின கிண்ணியா முஸ்லிம் என்று ஒரு ஆராய்ச்சியாளன். அன்றைக்கு இந்தப் படலையைத் திறந்துகொண்டு வந்தது பின்வீட்டு நஜ்முன் நிஸா ஒருத்திதான், கஞ்சிச் சட்டியை வைத்துவிட்டு அதை வாசித்துக் காட்டிச் சிரித்தாள். "பாருங்க அக்கா, உங்கட மகனையும் எங்கட கணக்கில போட்டுட்டானுகள். ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு எங்கட தெரு முழுக்க டிவில இருந்திச்சே, எங்களுக்குப் பழகிட்டு, உங்களுக்குத்தான் புதுசு." சிரித்தவள்தான், பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

அவள் போன கையோடுதான் முன்வீட்டுத் திலக்சன் வந்தான், யூடியூப் நடத்துகிறவன், பின்னால் முழுத் தெருவும். "அன்ரி, கதிரவேல் உங்கட மகனா?" போனை முகத்துக்கு நேரே பிடித்திருந்தான். அவள் சொன்னாள்: "கதிரவேல் என்ர மகன் இல்லை." சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அதுதான் ஊர் ஊராய்ப் போனது, பெத்த தாயே கைகழுவினாள் என்று தலைப்புப் போட்டு. நேற்றுக் கடைக் கமராவில் உண்மை தெரியவந்ததும் நஜ்முன் நிஸாதான் ஓடிவந்தாள். "அக்கா, நீங்க சொன்னது சரிதானே! கதிரவேல் உங்கட மாப்பிள்ளை, பிள்ளைட தகப்பன், மகன் லதீசன். அதையே பிடிச்சுக்கங்க." பிடித்துக்கொண்டாள். காலையிலிருந்து வருகிற எல்லாருக்கும் அதையே சொன்னாள், எல்லாரும் ஓமோம் என்றார்கள், திலக்சன் தாயின் வார்த்தையை வெள்ளைக்காரன் திரித்தான் என்று புது வீடியோவே போட்டுவிட்டான். சொல்லச் சொல்ல அவளுக்கே அது உண்மை போல வாய்க்குள் ருசித்தது. ஆனால்... அந்த நேரம் மனிசன் ஞாபகத்தில் வந்தாரா? வரவேயில்லை. திலக்சன் யாரைப் பற்றிக் கேட்கிறான் என்று அவளுக்கு நன்றாய்த் தெரியும். தெருவைக் கண்டாள், அத்தனை போன்களைக் கண்டாள், கதவைச் சாத்த வேண்டும் என்பது மட்டும்தான்... அதற்கு எது வாயில் வந்ததோ அதைச் சொன்னாள். மனிசன்ர பெயர் நல்ல வேளையாகக் குறுக்கே வந்து நின்றது, அவ்வளவுதான்.

முன்னறையில் கதிரைகள் இழுபடுகிற சத்தம். யாரோ லதீசனின் சின்ன வயதுப் படம் கேட்கிறார்கள். செத்த ஆறு பேரின் பெயரை ஒருத்தரும் கேட்கவில்லை, பாண் வாங்க வந்த கிழவி ஒருத்தியாம், அவளுடைய பெயரும்கூட... ஏன், நீ கேட்டாயா இரத்தினேஸ்வரி?

போன் அதிர்ந்தது. திலக்சன் குசினி வாசலுக்கே வந்துவிட்டான். "அன்ரி, ஸ்பீக்கரில போடுங்கோ, லைவ் போய்க்கொண்டிருக்கு, சனம் அழுது தீர்க்கும்!" அவனுடைய நெஞ்சில் கைவைத்துத் தள்ளிக் கதவைச் சாத்தினாள். மறுபடியும் கதவு. போனைக் காதோடு அழுத்தினாள். மகன் மூச்சு வாங்கி வாங்கிக் கதைத்தான், சாப்பிட்டீங்களா என்றான், நோகுதா அப்பன் என்று கேட்டதற்கு இல்லை என்றான், அந்தப் பக்கத்தில் ஏதோ இயந்திரம் விட்டு விட்டுக் கூவிக்கொண்டிருந்தது.

"அம்மா, நீங்கள் அப்பாவை நினைச்சுத்தானே அப்பிடிச் சொன்னனீங்கள்?"