சிக்ரியில் கட்டாத நூல்

ஜபார் நானா இந்தியா போய் வந்த கதையைக் கேட்காதவர் மதுரங்குளியில் யாருமில்லை. கருவாட்டுக் கடைக்கு அரைக் கிலோ நெத்தலி வாங்க வந்தவர்கூட டில்லிக் கோட்டையையும் தாஜ்மஹாலையும் ஒரு சுற்றுச் சுற்றாமல் வீடு திரும்ப முடியாது. கூட்டத்தோடு போய் வந்தது ஆறே நாள். வாய் ஆறு மாதமாக ஓயவில்லை.

ஃபத்தேபூர் சிக்ரி என்ற பேர் வந்தால் மட்டும் அவருக்கு நெஞ்சு திக்கென்னும்.

பயணத்துக்கு முதல் நாள் பக்கத்து வீட்டுப் பளீலா ஒரு சிவப்பு நூலைக் கடதாசியில் மடித்துக்கொண்டு வந்தாள். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் முஸ்லிம்களெல்லாம் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டபோது வந்த குடும்பம். சண்டை முடிந்த பிறகும் இங்கேயே தங்கிவிட்டார்கள். மகள் ஸும்ரா கல்யாணம் முடித்து ஏழு வருடம், இன்னும் பிள்ளை இல்லை. சிக்ரியில் ஒரு மகானை அடக்கிய ஸியாரம் இருக்கிறது, அங்கே கல் சல்லடைச் சன்னலில் நூல் கட்டி நேர்ந்தால் பிள்ளை கிடைக்கும் என்று யாரோ அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

“பள்ளிவாசல் ஹஸரத்துக்குத் தெரிஞ்சா, நூல் கட்டுறது கூடாது எண்டு ஏசுவாரு நானா. ஆருக்கிட்டயும் சொல்லாதீங்க. ஸும்ராட பேரைச் சொல்லிக் கட்டுங்க.”

ஆக்ராவிலிருந்து சிக்ரி ஒரு மணி நேர ஓட்டம். காலையில் போய்ப் பின்னேரம் திரும்புவதாக ஏற்பாடு. பஸ் புறப்படும்போது நம்முடைய ஜபார் எங்கே? தோல் செருப்புக் கடையில், ஹிந்தி தெரியாமல் விரல்களைக் காட்டியே பேரம் பேசிக்கொண்டிருந்தார். செருப்பு கிடைத்தது, பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் போயிருக்கலாம். வெயில் என்று அறையில் படுத்துவிட்டார். உப்பளத்து ஊர்க்காரன் காணாத வெயிலா அது? நினைக்கும்போதெல்லாம் தன்மேலேயே அவருக்கு அருவருப்பு வரும்.

ஊர் வந்து இறங்கியபோது பளீலா வாசலில் நின்றாள். “கட்டினீங்களா நானா?”

“ஓம் ஓம், கட்டாமலா?” நாக்கு முந்திக்கொண்டது.

அதோடு நின்றாரா? மற்றவர்களின் போனில் பார்த்த படங்களை வைத்துக்கொண்டு, பால் மாதிரி வெள்ளைக் கல் என்றார், மூன்று முடிச்சுப் போட்டேன் என்றார். ஒரு பொய்க்கு ஒன்பது பொய் முட்டுக் கொடுத்தார். பளீலா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

ஆறு மாதம் கழித்து ஒரு பின்னேரம், அஸர் தொழுகை நேரத்தில் மறுபடி வந்தாள். முகம் வாடிக் கிடந்தது. ஜபாரின் பெண்சாதி கமறியா பாலில்லாத பிளேன்டி கொண்டுவந்து வைத்தாள். பளீலா அதைத் தொடவில்லை.

“நூல் கட்டியும் கிடைக்கல்ல எண்டா பிழை என்ட பக்கம்தான் நானா. அது என்ன பிழை எண்டும் எனக்குத் தெரியும்.”

பளீலா வாசலை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“தொண்ணூறுல வள்ளத்துக்குக் கடற்கரையில காத்துக் கிடந்தோமே. ஸும்ரா கைப்பிள்ளை. பக்கத்துல ஒரு பொம்புள, அவட பிள்ளைக்கு ஒரு மொடக்குத் தண்ணி கேட்டா. என்னட்ட அரைப் போத்தல் இருந்திச்சி. இல்ல எண்டு சொல்லிச் சீலைக்குள்ள ஒளிச்சிட்டேன். இண்டைக்கு வரைக்கும் ஆருக்கும் சொல்லல்ல. அந்தப் பிள்ளைட தாகம்தான் என்ட மகளைப் பிடிச்சிருக்கு. அதான் அல்லாஹ் நூலையும் கபூலாக்காமத் தள்ளிட்டான்.”

ஜபாருக்கு உடம்பெல்லாம் கூசியது. தன் பொய்யை நம்பி ஒருத்தி இத்தனை வருடம் மூடி வைத்ததைத் திறந்து காட்டிக்கொண்டிருக்கிறாள். எழுந்து போய் அலுமாரியைத் திறந்தார். பயணப் பையின் பக்கப் பையில் கடதாசி அப்படியே இருந்தது. கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

“நான் சிக்ரிக்குப் போகவே இல்ல, தங்கச்சி. செருப்பு வாங்க நிண்டு பஸ்ஸை உட்டுட்டேன். உங்களுக்குப் பொய் சொன்னேன்.”

கமறியா கையை வாயில் வைத்துக்கொண்டாள். பளீலா கடதாசியைப் பிரித்தாள். நூல் ஒரு முடிச்சும் படாமல் புதிதாகவே இருந்தது. ஏசப்போகிறாள் என்று ஜபார் தலையைக் குனிந்தார்.

“அப்ப அல்லாஹ் என்னைத் தள்ளல்லயா நானா?”

நிமிர்ந்து பார்த்தார். அவள் முகம் தெளிந்திருந்தது. ஓங்கி ஓர் அறை விட்டிருந்தாலும் தாங்கியிருப்பார். இந்தச் சந்தோஷத்தைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை.

ஆறிப்போன பிளேன்டியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, நூலை முந்தானையில் முடிந்துகொண்டு பளீலா எழுந்தாள். வாசலில் கிடந்த ஆக்ராச் செருப்புக்குப் பக்கத்தில் நின்று திரும்பினாள்.

“நானா, அந்தத் தண்ணிக் கதையை மட்டும் ஆருக்கிட்டயும் சொல்லிராதீங்க. சொல்ல மாட்டீங்கதானே?”

ஜபார் வாயைத் திறந்தார். அன்றைக்கு முந்திக்கொண்ட நாக்கு இன்றைக்கு ‘ஓம்’ என்று சொல்ல எழவில்லை.